நிபந்தனையோடு கைமாறும் நெல்: டோக்கன் விற்பனைக்கு ஸ்மார்ட் ஒப்பந்தம் எழுதுதல்

இந்த இயலில் நீங்கள் ஒரேயொரு விற்பனையைத்தான் செய்து பார்க்கப் போகிறீர்கள். விசுவமடுவில் ஒரு கமக்காரர் காலபோக நெல்லில் 4,000 கிலோவைக் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியம் ஒன்றில் இறக்குகிறார். கிலோவுக்கு ஒன்றாக 4,000 டோக்கன் அவருடைய கணக்கில் சேர்கிறது. வவுனியாவில் ஓர் ஆலைக்காரர் அதைக் கிலோ 120 ரூபாவுக்கு வாங்கச் சம்மதிக்கிறார். ஆனால் ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 4,80,000 ரூபாவும் ஒரே தடவையில் வரவேண்டும், எல்லாம் பெப்ரவரி 28 நள்ளிரவுக்குள் முடியவேண்டும். முடியாவிட்டால் டோக்கன் விற்றவரிடமே திரும்பிவிட வேண்டும். ஆட்கள் கற்பனை. எண்கள் கற்பனையல்ல: 2025 பெப்ரவரியில் நாடு நெல்லுக்கு அரசு அறிவித்த விலை கிலோ 120 ரூபா, நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் ஈரப்பதன் எல்லை 14 சதவீதம். அறுவடை நேரத்தில் வயலோரமாகவே பச்சை நெல்லை வாங்கும் வியாபாரி மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழிப்பதும் இந்த ஈரப்பதனைச் சொல்லித்தான்.

சொலிடிட்டி மொழியில் இதற்கான நிரல் நூறு வரியைத் தாண்டாது. கொஞ்சம் நிரலாக்கம் தெரிந்தவர் ஒரு வார இறுதியில் எழுதிவிடலாம். பெரிய வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. ஒவ்வொரு நிபந்தனையையும் எடுத்து, “இது நிறைவேறியது என்று யார் சொல்வது?” என்று கேட்கவேண்டும். சங்கிலிக்கு, அதாவது பிளொக்செயினுக்கு, தானாகவே தெரியும் நிபந்தனையை நிரலில் எழுதுங்கள். சங்கிலிக்குத் தெரியாவிட்டாலும், சொல்லிவிட்டுப் பொறுப்பேற்க ஓர் ஆள் இருந்தால், அதையும் எழுதலாம். மற்ற எல்லாவற்றையும் தாளிலேயே விட்டுவிடுங்கள். இதை முதலில் பார்க்கும்போது கஞ்சத்தனம் போலத் தோன்றலாம். ஏன் இப்படிக் கறாராக இருக்கவேண்டும் என்பதைப் படிகளோடு சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் தாளில்

1. ஒப்பந்தத்தின் எல்லா நிபந்தனைகளையும் இரு தரப்பும் பேசும் மொழியிலேயே, வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். நிரல்மொழியை இன்னும் தொடவேண்டாம்.

2. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் “யார் சொல்வது?” என்ற கேள்விக்கான பதிலை எழுதுங்கள். நேரம், அழைப்பவரின் முகவரி, டோக்கன் இருப்பு, பணம் வந்ததா இல்லையா ஆகிய நான்கும் சங்கிலிக்குத் தெரியும். எடை, ஈரப்பதன், நெல் இன்னும் களஞ்சியத்தில்தான் இருக்கிறதா என்பவை ஓர் ஆள் சொன்னால்தான் தெரியும்.

3. “நல்ல நெல்லாக இருக்கவேண்டும்”, “சந்தை விலை நியாயமாக இருந்தால்”, “வெள்ளம் வந்தால் தவணை தள்ளும்” என்ற மாதிரியான வரிகளில் கோடு போட்டு, அவற்றைத் தாள் ஒப்பந்தத்துக்கு மாற்றுங்கள்.

4. ஒவ்வொரு வரிக்கும் “நிறைவேறாவிட்டால் பொருள் யாரிடம் போகும்?” என்பதையும் எழுதுங்கள். பதில் இல்லாத ஒரு வரி மிஞ்சினாலும் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது படியில்தான் பலரும் முரண்டு பிடிப்பார்கள். வன்னியில் நெல் விற்பவருக்கு வெள்ளத்தை விடப் பெரிய நிபந்தனை எது? அதையே வெளியே விடச் சொல்வதா? ஆனால் “வெள்ளம்” என்ற சொல்லை ஓர் எண்ணாக மாற்றிப் பாருங்கள். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்பதே பெரிய சர்ச்சையாகி, விசாரணை வரை போனது. குளத்துக்கு அளவுகோல் உண்டு, பொறியியலாளர்கள் உண்டு, பதிவேடும் உண்டு. அப்படியிருந்தும் நேரத்தைப் பற்றி இணக்கம் வரவில்லை. ஒரு விற்பனை ஒப்பந்தம் இந்த மாதிரித் தரவில் தொங்கினால், சர்ச்சை தீர்வதற்குள் நிரல் ஒரு பக்கம் சாய்ந்து காரியத்தை முடித்துவிடும். நீதிமன்றம் காத்திருக்கும், கிராம அலுவலர் காத்திருப்பார். நிரலுக்குக் காத்திருக்கத் தெரியாது.

இதற்கு எதிராக இலங்கையிலேயே ஓர் உதாரணம் காட்டலாம், காட்டத்தான் வேண்டும். 2019இல் ஒக்ஸ்பாம், ஏயொன், ஈத்தெரிஸ்க் என்ற மூன்று அமைப்புகள் இங்குள்ள சணச காப்புறுதி நிறுவனத்தோடு சேர்ந்து நெற்கமக்காரருக்குப் பிளொக்செயின் வழியாக வானிலைக் காப்புறுதி தந்தன. இழப்பீடு கேட்டு விண்ணப்பம் எழுதவேண்டியதில்லை. வானிலைத் தரவு வரையறுத்த எல்லையைத் தொட்டால் கொடுப்பனவு கிளம்பும். அப்படியானால் மழையையும் நிபந்தனையாக எழுதலாம்தானே? எழுதலாம். ஆனால் அங்கே நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். “உன் வயல் அழிந்ததா?” என்று ஒப்பந்தம் கேட்கவில்லை. இரு தரப்புக்கும் வெளியே உள்ள ஒரு மூலம் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட முறையில் அளந்த ஓர் எண்ணைத்தான் கேட்டது. இந்த வகைக் காப்புறுதிக்கு ஒரு விலையும் உண்டு: அளவைநிலையத்தில் மழை குறைவு, உங்கள் வயலில் அடைமழை என்றால் எண்தான் வெல்லும். 2017இல் பிரான்சின் அக்சா நிறுவனம் ஈத்தீரியம் என்ற சங்கிலியில் தொடங்கிய ‘ஃபிஸி’ விமானத் தாமதக் காப்புறுதி இன்னும் எளியது. இரண்டு மணிநேரத்துக்கு மேல் தாமதமா என்பது மட்டுமே நிபந்தனை. நிரல் வேலை செய்தது, ஆனால் போதிய வாடிக்கையாளர் இல்லாமல் 2019இல் அதை மூடிவிட்டார்கள். நன்றாக ஓடிய ஒப்பந்தங்களைப் பார்த்தால் எல்லாமே நிபந்தனையைச் சுருக்கியவைதான்.

நிபந்தனையை எங்கே வைப்பது

நிபந்தனையை டோக்கனுக்குள்ளேயே வைக்கலாம். அப்போது அது ஒவ்வொரு கைமாற்றத்தையும் மறிக்கும். அல்லது தனியான விற்பனை ஒப்பந்தத்தில் வைக்கலாம். அப்போது அந்த ஒரு வியாபாரத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். ஈஆர்சி-1404, ஈஆர்சி-3643 என்ற தரங்கள் முதல் வழியில் போகின்றன. யார் வைத்திருக்கலாம் என்று சட்டமே வரையறுக்கும் பங்குப்பத்திரங்கள் போன்றவற்றுக்கு அது பொருந்தும். நெல்லுக்கு இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். டோக்கனுக்குள் வைத்த நிபந்தனையில் ஒரு பிழை இருந்தால், உங்கள் விற்பனையோடு தொடர்பே இல்லாதவரின் டோக்கனும் உறைந்துவிடும். விற்பனை ஒப்பந்தத்தில் உள்ள பிழை ஒரு விற்பனையோடு நின்றுவிடும்.

டோக்கனுக்குள் எழுதியே தீரவேண்டும் என்றால் ஒரு கண்ணியைக் கவனியுங்கள். ஓப்பன்செப்லின் நூலகத்தின் 4ஆம் பதிப்பில் இதற்கான இடம் ‘பிஃபோர் டோக்கன் டிரான்ஸ்ஃபர்’ என்ற செயற்கூறு. 5ஆம் பதிப்பில் அதை நீக்கிவிட்டு, ‘அப்டேட்’ என்ற செயற்கூறை மேலெழுதச் சொல்கிறார்கள். பழைய காணொளியைப் பார்த்துப் புதிய நூலகத்தில் எழுதுபவர் முதலில் ‘ஓவர்ரைட்’ என்ற சொல்லில் பிழை காண்பார். அந்தச் சொல்லை அழித்தால் பிழை மறைந்துவிடும். ஆனால் அதன்பிறகு அந்தச் செயற்கூறை யாரும் அழைக்கமாட்டார்கள். நிபந்தனை எழுதியிருக்கும், டோக்கன் அதைப் பாராமலே கைமாறிக்கொண்டிருக்கும்.

கட்டும் படிகள்

உலாவியில் ஓடும் ரீமிக்ஸ் என்ற நிரலாக்கக் கருவி போதும். அதற்குள் இருக்கும் பயிற்சிச் சூழல் தலா 100 பொய் ஈதரோடு (ஈதர் ஈத்தீரியத்தின் நாணயம்) பல கணக்குகளைத் தரும். பணப்பையும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

1. கொம்பைலர் பதிப்பு 0.8.20 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கட்டும். 0.8இலிருந்து எண் எல்லை மீறினால் பரிமாற்றம் தானாகவே இரத்தாகும். அதற்கு முந்திய பதிப்புகளில் எண் சத்தமின்றிச் சுற்றி வந்து தவறான மதிப்பில் நிற்கும்.

2. நெல் டோக்கனை ஈஆர்சி-20 தரத்தில் எழுதுங்கள். இயல்பாக அதற்கு 18 தசம இடங்கள் இருக்கும். அதை 0 ஆக்குங்கள், ஒரு டோக்கன் ஒரு கிலோ. புதிதாக வெளியிடும் உரிமை களஞ்சியப் பொறுப்பாளரின் முகவரிக்கு மட்டும். நெல் களஞ்சியத்தை விட்டு வெளியேறும்போது அதற்குரிய டோக்கனை அழிக்கவும் வேண்டும். இந்தப் பாதியைப் பலர் மறக்கிறார்கள்.

3. பணத்துக்குப் பதிலாகப் ‘பயிற்சி ரூபா’ என்று இன்னொரு டோக்கன் எழுதுங்கள். அதற்கும் தசம இடம் 0. இரண்டு டோக்கனுக்கும் தசம இடம் வேறுபட்டால் 120 என்ற விலைக்குப் பொருளே இல்லாமல் போகும்.

4. விற்பனை ஒப்பந்தத்தில் விற்பவர், வாங்குபவர், சான்று சொல்பவர், அளவு, விலை, கடைசி நேரம், ஈரப்பதன் எல்லை ஆகிய ஏழையும் தொடக்கத்திலேயே பதித்து, மாற்றமுடியாதவையாக அறிவியுங்கள். விலையை மாற்றும் செயற்கூறு வைக்காதீர்கள். வைத்தால், வாங்குபவரின் பரிமாற்றம் சங்கிலியில் ஏறும் முன் விற்பவர் விலையை உயர்த்திவிடலாம்.

5. ஒப்பந்தத்துக்கு நான்கு நிலை கொடுங்கள்: தொடங்காதது, திறந்தது, முடிந்தது, திரும்பியது. ஒரு நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்பதைத் தாளில் அம்புக்குறியால் வரைந்துவிட்டு எழுதுங்கள்.

6. ‘திற’: விற்பவர் முதலில் 4,000 டோக்கனுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, பிறகு இதை அழைக்கிறார். ஒப்பந்தம் டோக்கனைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்கிறது. விற்பவரின் கணக்கிலேயே விட்டுவைத்தால் அவர் அதே நெல்லை இன்னொருவருக்கும் விற்கலாம்.

7. ‘சான்று’: சான்று சொல்பவரின் முகவரியிலிருந்து மட்டும் அழைக்கலாம். சொலிடிட்டியில் பின்னம் கிடையாது, ஆகவே 13.8 சதவீதத்தை 138 என்று பதியுங்கள், எல்லை 140. பதிந்த நேரத்தையும் சேமியுங்கள்.

8. ‘வாங்கு’: நிலை திறந்ததா, அழைப்பவர் குறித்த ஆலைக்காரரா, நேரம் இருக்கிறதா, சான்று பதிந்தாயிற்றா, 140ஐத் தாண்டவில்லையா என்று வரிசையாகச் சோதிக்கும். பிறகு நிலையை ‘முடிந்தது’ என்று மாற்றும். அதன் பிறகுதான் 4,80,000 பயிற்சி ரூபா விற்பவருக்கும் 4,000 டோக்கன் வாங்குபவருக்கும் போகும். இதில் ஒன்று தவறினாலும் முழுப் பரிமாற்றமும் இரத்து. பணம் போய் டோக்கன் வராத நிலைக்கு இடமில்லை.

9. ‘திருப்பு’: கடைசி நேரம் கடந்தபின் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம், டோக்கன் விற்பவருக்கே போகும். “யார் வேண்டுமானாலும்” என்பதைச் சுருக்காதீர்கள். சான்று சொல்பவர் கைப்பேசியைத் தொலைத்தாலும், ஆலைக்காரர் மௌனமாகிவிட்டாலும் நெல்லுக்கு இந்த ஒரு வழி திறந்திருக்கவேண்டும். ஒப்பந்தத்தை இடைநிறுத்தும் அதிகாரத்தை எவருக்காவது கொடுத்திருந்தால், இடைநிறுத்தத்தின்போதும் ‘திருப்பு’ இயங்கவேண்டும்.

எட்டாவது படியில் சோதனை, நிலைமாற்றம், கைமாற்றம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். 2016 ஜூன் 17 அன்று ‘த டாவோ’ என்ற முதலீட்டு ஒப்பந்தத்திலிருந்து சுமார் 36 இலட்சம் ஈதர் உறிஞ்சப்பட்டது. பணத்தை அனுப்பிவிட்டுப் பிறகு கணக்கைக் குறைத்ததுதான் அதன் பிழை. பணத்தைப் பெற்ற நிரல், கணக்குக் குறையும் முன் பணம் எடுக்கும் செயற்கூறைத் திரும்பத் திரும்ப அழைத்தது. சேதத்தைத் திருத்த ஈத்தீரியச் சமூகம் சங்கிலியின் கணக்கு நிலையையே விதிவிலக்காக மாற்றியது. அதை ஏற்காதவர்கள் பழைய சங்கிலியோடு நின்றார்கள், இன்றைய ஈத்தீரியம் கிளாசிக் அதுதான். உங்கள் 4,000 கிலோ நெல்லுக்காக யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

சான்று சொல்பவர்

ஒப்பந்தத்தின் மென்மையான இடம் ஏழாவது படி. அங்கே நிரல் ஓர் ஆளின் வாயைப் பார்த்து நிற்கிறது. இதைத் தவிர்க்க, வெளித்தரவைச் சங்கிலிக்குக் கொண்டுவரும் செயின்லிங்க் போன்ற ஒரக்கிள் வலைகள் இருக்கின்றனவே என்பார்கள். ஈதரின் டொலர் விலைக்கு அவை நல்ல பதில். அந்த விலை பல சந்தைகளில் ஒரே நேரத்தில் தெரிகிறது, பல மூலங்களை ஒப்பிட்டு நடுவிலுள்ளதை எடுக்கலாம். விலையில்கூட இது முழுக்காவல் அல்ல. 2022 ஒக்டோபரில் மாங்கோ மார்க்கெட்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளத்தில் ஒருவர் டோக்கன் விலையைச் செயற்கையாக உயர்த்தி, அந்த உயர்ந்த விலையையே ஈடாகக் காட்டி, 10 கோடி டொலருக்கு மேல் எடுத்துப் போனார். நிரல் தன்னிடம் வந்த எண்ணை நம்பியது, எண் பொய்யாக்கப்பட்டிருந்தது. விசுவமடுக் களஞ்சியத்து மூட்டையைப் பற்றியோ உலகில் ஒரேயொரு ஈரமானிதான் பேசும். அதைப் பிடித்திருப்பவர் யார் என்ற கேள்விக்கு எந்த வலையும் பதில் தராது.

ஆகவே ஆளைத் தவிர்க்கப் பார்க்காமல், ஆளைச் சரியாக அமர்த்துங்கள். விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் கடன் இல்லாதவராக இருக்கவேண்டும். வட்டிக்கும் உரத்துக்கும் ஆலையையே நம்பியிருக்கும் ஊரில் இது லேசான நிபந்தனையல்ல. பெரிய தொகை என்றால் மூவரை வைத்து, இருவர் சொன்னால்தான் செல்லும் என்று எழுதலாம். அளக்கும் முறையையும் தாளில் எழுதிவிடுங்கள்: எந்த ஈரமானி, எத்தனை மூட்டையிலிருந்து மாதிரி, எந்த ஆழத்தில். இன்னொன்று, ஈரப்பதன் மாறும். தை மாத மழைக்குப் பின் களஞ்சியத்தில் கிடக்கும் நெல் அன்று அளந்தபடி இருக்காது. அதனால் சான்றுக்கு ஆயுள் வையுங்கள்: பதிந்த நேரத்திலிருந்து 6,04,800 செக்கன், அதாவது ஏழு நாளுக்குள் வாங்காவிட்டால் மறுபடி அளக்கவேண்டும்; ‘வாங்கு’ இதையும் சோதிக்கட்டும்.

டோக்கனின் வகையையும் இங்கே யோசிக்கவேண்டும். ஈஆர்சி-20 டோக்கன்கள் ஒன்றுக்கொன்று வேறுபாடில்லாதவை. சம்பாவும் நாடும், காய்ந்ததும் பச்சையும் அதில் ஒன்றாகிவிடும். 138 என்ற சான்று எந்த 4,000 கிலோவுக்கு என்று டோக்கனுக்குத் தெரியாது. ஒரு விற்பனையைப் பழக இது பரவாயில்லை. ஒரே களஞ்சியத்தில் பலருடைய நெல் இருந்தால் ஈஆர்சி-1155 தரத்துக்குப் போய், இறக்கிய ஒவ்வொரு தொகுதிக்கும் தனி எண் கொடுத்து, சான்றை அந்த எண்ணோடு கட்டுங்கள்.

அடிக்கடி விழும் குழிகள்

*பதியாத ஈரப்பதன்.* சொலிடிட்டியில் மதிப்புக் கொடுக்காத எண் 0. சான்று எதுவும் சொல்லப்படாதபோது ஈரப்பதன் 0, 0 என்பது 140ஐ விடக் குறைவு, நிபந்தனை நிறைவேறிவிட்டது! சான்று பதிந்தாயிற்றா என்பதற்குத் தனி மாறி வைத்து, அதை முதலில் சோதியுங்கள். இந்த இயலில் ஒரேயொரு எச்சரிக்கையைத்தான் நினைவில் வைக்கமுடியும் என்றால் இதை வையுங்கள்.

*நள்ளிரவு எது?* சங்கிலியின் நேரம் உலகப் பொதுநேரம், செக்கன்களில். இலங்கை அதைவிட ஐந்தரை மணிநேரம் முந்தியது. எனவே நமது பெப்ரவரி 28 நள்ளிரவு அங்கே பெப்ரவரி 28 மாலை 6:30. அங்குள்ள நள்ளிரவைப் பதிந்தால் ஆலைக்காரருக்கு மார்ச் 1 காலை 5:30 வரை அவகாசம் கிடைக்கும். இணையத்தில் உள்ள நேர மாற்றிகள் சில மில்லிசெக்கனில் தருகின்றன. அந்த எண்ணை அப்படியே ஒட்டினால் கடைசி நேரம் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் போய்விடும், ‘திருப்பு’ ஒருபோதும் திறக்காது.

*எல்லைக்கோடு.* ‘வாங்கு’ கடைசி செக்கன் வரை, ‘திருப்பு’ அதற்குப் பிந்திய செக்கனிலிருந்து. இரண்டும் ஒரே செக்கனை ஏற்றால், யார் முந்துகிறார் என்ற போட்டி உருவாகும்.

*மேம்படுத்தக்கூடிய ஒப்பந்தம்.* பிழை வந்தால் திருத்தலாம் என்று நிரலை மாற்றும் கதவை வைக்கத் தோன்றும். 2017 நவம்பரில் பாரிட்டி பணப்பைகள் பலவும் நம்பியிருந்த ஒரு பொது நூலக ஒப்பந்தத்துக்கு உரிமையாளர் நியமிக்கப்படாமலே இருந்தது. எவரோ ஒருவர் உரிமையாளராகி அதை அழித்தார். 5 இலட்சத்துக்கு மேற்பட்ட ஈதர் இன்றுவரை உறைந்து கிடக்கிறது. ஒரு விற்பனை ஒப்பந்தம் சில வாரமே வாழ்வது. பிழை கண்டால் ‘திருப்பு’ வரை பொறுத்து, புதிதாக எழுதுங்கள்.

உடைத்துப் பார்த்தல்

நடக்கவேண்டியது நடக்கிறதா என்று பார்ப்பது கால்வாசிச் சோதனைதான். நடக்கக்கூடாததை நடத்திப் பாருங்கள். கீழுள்ள ஒவ்வொன்றும் இரத்தாக வேண்டும்:

1. சான்று இல்லாமல் வாங்குதல். 141 என்ற சான்றோடு வாங்குதல். (140 செல்லவேண்டும்.)
2. எட்டாம் நாள் பழைய சான்றோடு வாங்குதல்.
3. வேறொரு முகவரியிலிருந்து வாங்குதல், சான்று சொல்லுதல்.
4. 4,79,999 பயிற்சி ரூபாவோடு வாங்குதல்.
5. முடிந்த விற்பனையை மறுபடி வாங்குதல். முடிந்த பின் திருப்புதல்.
6. கடைசி நேரத்துக்கு முன் திருப்புதல். விற்பவர் இடையில் டோக்கனை மீட்க முயல்தல்.

ஒவ்வொரு முறையும் பிழைச் செய்தியைப் படியுங்கள். இரத்தானது சரியான காரணத்துக்காகத்தானா? நேரம் கடந்ததால் இரத்தான ஒன்றை, ஈரப்பதன் காவல் வேலை செய்கிறது என்று எண்ணி நிம்மதியாகிவிடலாம்.

இதன்பின் வேண்டுமானால் செப்போலியா சோதனை வலைக்குப் போகலாம். அதற்கென்று புதிய மெட்டாமாஸ்க் பணப்பை திறங்கள், வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். சோதனை ஈதர் இலவசம். அதை விற்கிறேன் என்று வருபவர் ஏமாற்றுபவர். பன்னிரண்டு மீட்புச் சொற்களைத் தாளில் எழுதுங்கள், கைப்பேசியில் படமெடுக்காதீர்கள், உதவி செய்கிறேன் என்பவருக்கும் காட்டாதீர்கள்.

ஆளை நம்பத்தான் வேண்டும் என்றால் இது எதற்கு?

நியாயமான கேள்வி. களஞ்சியப் பொறுப்பாளரையும் சான்று சொல்பவரையும் நம்பியே ஆகவேண்டும் என்றால், ஒரு பற்றுச்சீட்டும் சட்டத்தரணி எழுதிய தாளும் போதாதா? ஒருவரையொருவர் அறிந்த இருவருக்கிடையே ஒருமுறை நடக்கும் விற்பனைக்குப் போதும். அங்கே இந்த நிரல் வீண் சுமை. ஒப்பந்தம் நம்பிக்கையை இல்லாமலாக்குவதில்லை, அதைத் துண்டு போடுகிறது. சான்று சொல்பவர் ஈரப்பதனைச் சொல்லலாம், நெல்லைத் தொடமுடியாது. ஆலைக்காரர் வாங்கலாம், சான்று பதிந்தபின் “ஈரம் கூட” என்று கழிவு கேட்கமுடியாது. விற்பவர் விலை ஏறியதைக் கண்டு பின்வாங்கமுடியாது. பணமும் பொருளும் ஒரே கணத்தில் கைமாறுவதால், நெல்லை ஏற்றிவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் அலைவது இல்லை. பலர் பலருக்கு விற்கும் களஞ்சியத்தில், அறிமுகமில்லாத வாங்குபவர் தூரத்திலிருந்து வரும்போது இது பெறுமதியானது. பொறுப்பாளர் நெல் இல்லாமலே டோக்கன் வெளியிட்டால் மட்டும் எந்த நிரலும் காப்பாற்றாது. அதற்கு மூட்டைகளை எண்ணும் கணக்காய்வுதான் வழி.

சட்டம்

நிஜப் பணத்தோடும் நிஜ நெல்லோடும் இதைச் செய்யாதீர்கள். இந்த இயல் சோதனை வலையோடு நிற்கிறது. கிரிப்டோ நாணயம் தொடர்பாக எந்த நிறுவனத்துக்கும் தான் அனுமதிப்பத்திரமோ அதிகாரமோ வழங்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆண்டு அறிவித்தல்களில் எச்சரித்துள்ளது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரைப்படி, மெய்நிகர் நாணயக் கொடுக்கல்வாங்கலுக்குக் கடன் அட்டையோ பற்று அட்டையோ பயன்படுத்த இடமில்லை. விதிகள் மாறக்கூடியவை, தொடங்கும் நாளில் சட்டத்தரணியிடம் கேளுங்கள். உங்கள் நெல் டோக்கனை “வாங்கி வைத்தால் இரட்டிப்பாகும், ஆள் சேர்த்தால் தரகு” என்று எவராவது விற்கத் தொடங்கினால் அது பிரமிட் திட்டம், குற்றம்.

நெல்லுக்கு முடிந்ததென்று வயலுக்கும் டோக்கன் எழுதப் புறப்படாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்னணு ஒப்பந்தங்களை ஏற்கிறது, ஆனால் காணி விற்பனையை அதிலிருந்து விலக்கிவைக்கிறது. வன்னியில் பெருமளவு காணி அனுமதிப்பத்திரக் காணி. அதிகாரியின் சம்மதமில்லாமல் அது தாளிலேயே கைமாறாது.

பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண் எதையும் சங்கிலியில் எழுதாதீர்கள். அங்கே அழிப்பான் கிடையாது. அடையாள அட்டை எண்ணை ஹாஷ் ஆக்கிவிட்டால், அதாவது கைரேகை போன்ற ஓர் எண்ணாகச் சுருக்கிவிட்டால், மறைந்துவிடும் என்பதும் தவறு. பன்னிரண்டு இலக்க எண்களில் பிறந்த ஆண்டும் நாளும் அமைந்திருப்பதால், சாத்தியமான எல்லாவற்றையும் ஒரு கணினி ஓட்டிப்பார்த்துவிடும். தாள் ஒப்பந்தம் முழுவதன் ஹாஷை மட்டும் பதியுங்கள். அந்தத் தாளில் ஊகிக்கமுடியாத ஒரு நீண்ட இலக்கமும் இருக்கட்டும்.

அந்தத் தாளில் கடைசியாக மூன்று வரிகள் சேருங்கள். விற்பனை ஒப்பந்தத்தின் முகவரி, அது ஓடும் வலையின் பெயர். சான்று சொல்பவரின் பெயர், அளக்கும் முறை, தவறாகச் சொன்னால் அவர் ஏற்கும் பொறுப்பு. தாளும் நிரலும் முரண்பட்டால் தாளே செல்லும் என்ற வாசகம். மூவரும் கையெழுத்திட்ட பிறகு ‘திற’ என்ற பொத்தானை அழுத்தலாம்.